ஸ்பீடு தெரிகிறது... முழங்கை தெரிகிறதா? பேஸ்பால் சிறுவர்களை உலக நாடுகள் அளக்கும் கணக்கு

12 வயதுப் பையன் ஒருவன் மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் பந்து எறிய முடியுமா? முடியாது. ஆனால், டிவி திரையில் அப்படி ஒரு நம்பர் வரும்.

2025 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள வில்லியம்ஸ்போர்ட்டில் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் உலகத் தொடர் நடந்தது. இறுதிப் போட்டியில் நெவாடா அணியை 7-0 என்று வீழ்த்தி தைவான் கோப்பையை வென்றது. 1996-க்குப் பிறகு தைவானுக்குக் கிடைத்த முதல் கோப்பை இது. அந்த அணியின் பந்துவீச்சு வேகம் சமூக வலைதளங்களில் பெரிய பேச்சானது. சுமார் 130 கி.மீ. வேகத்தில் பந்து பறக்க, ‘இது பெரியவர்கள் ஆட்டத்தில் 170 கி.மீ.-க்குச் சமம்’ என்றார்கள்.

இந்த இரண்டு நம்பரில் எது உண்மை? இதை வைத்து ‘தைவான் பையன்கள்தான் உலகிலேயே பெஸ்ட்’ என்று சொல்லிவிடலாமா? பந்தின் வேகத்துக்கு இவ்வளவு மவுசு இருப்பதால் அந்தப் பையன்களின் கைக்கு என்ன ஆகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

170 கி.மீ. எங்கிருந்து வந்தது?

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். கிரிக்கெட் போல ஓடி வந்து தரையில் குத்தி எழுப்புவது கிடையாது. மேடான ஓர் இடத்தில் நின்று, முழங்கையை மடக்கி, நேராக எறிய வேண்டும். கிரிக்கெட்டில் அம்பயர் ‘த்ரோ’ என்று நோ-பால் கொடுப்பாரே, அதேதான் இங்கே சட்டப்படியான பந்துவீச்சு.

பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 18.44 மீட்டர். லிட்டில் லீக்கில் 14.02 மீட்டர்தான். தூரம் குறைவு என்பதால், 130 கி.மீ. வேகப் பந்துகூட பேட்டரிடம் சீக்கிரம் வந்து சேரும். பெரியவர்கள் மைதானத்தில் அதே நேரத்துக்குள் வந்து சேர வேண்டுமென்றால், பந்து 170 கி.மீ.-க்கு மேல் பறக்க வேண்டும். 130-ஐ 18.44-ஆல் பெருக்கி 14.02-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு புரிந்துவிடும்.

ஆக, 170 என்பது பேட்டருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதன் அளவு. பையனின் கை எவ்வளவு வேகமாக எறிந்தது என்றால் 130-தான். இரண்டும் வேறு வேறு விஷயம். திரையில் பெரிய நம்பரைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை.

நாடு விட்டு நாடு ஒப்பிடுவது ஏன் கஷ்டம்?

சரி, நேரடி வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாடுகளை ஒப்பிடலாமே? அதிலும் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதல் சிக்கல், எங்கே அளக்கிறோம் என்பது. கையை விட்டுக் கிளம்பிய பந்து பேட்டரைச் சேர்வதற்குள் காற்றின் தடையால் 8 முதல் 10 சதவீதம் வரை வேகம் இழக்கும். பழைய ரேடார் கன்கள் பேட்டருக்கு அருகில் அளந்தன. இப்போதைய கேமரா, ரேடார் அமைப்புகள் பந்து கையை விடும் நொடியிலேயே அளக்கின்றன. அந்தக் கால 145-ம் இந்தக் கால 155-ம் கிட்டத்தட்ட ஒரே பந்தாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது, பந்து. ஜப்பானில் சிறுவர்கள் பலர் ரப்பர் பந்தில் ஆடி வளர்கிறார்கள். அமெரிக்கச் சிறுவர்கள் ஆடுவது தோல் உறை போட்ட கெட்டிப் பந்து. பிடி வேறு, எறிகிற உணர்வும் வேறு.

மூன்றாவதுதான் முக்கியம்: வயது. பிறந்த தேதிப்படி இரண்டு பேருக்கும் 13 வயது இருக்கலாம். ஒருவனுக்கு மீசை அரும்பி, தோள் விரிந்திருக்கும். இன்னொருவன் இன்னும் குழந்தை மாதிரியே இருப்பான். எலும்பின் வயதில் இரண்டு, மூன்று ஆண்டு வித்தியாசம் வருவது சகஜம். இந்திய கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பது ஞாபகம் இருக்கலாம். அந்தச் சோதனை வயது மோசடியைத் தடுக்க வந்தது. ஆனால், மோசடியே இல்லாத இடத்திலும் சீக்கிரம் வளர்ந்த பையன் ‘அபாரத் திறமை’யாகவும், மெதுவாக வளர்பவன் ‘தேற மாட்டான்’ என்றும் தெரிவான். ரேடார் கன் சில சமயம் திறமைக்குப் பதிலாக வளர்ச்சியைத்தான் அளக்கிறது.

வேகத்துக்கு முழங்கை கொடுக்கும் விலை

இனி, கைக்கு வருவோம். பிட்சர் கையைப் பின்னால் முழுவதுமாகச் சாய்த்து, முன்னால் வீசத் தொடங்கும் அந்தக் கணத்தில், முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கும் சிறிய தசைநார் மீது பெரிய முறுக்கு விசை விழுகிறது.

அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் அளந்து வருகிறது. கிளென் ஃப்ளைசிக் குழுவினர் 1999-ல் 231 பிட்சர்களை நான்கு நிலைகளில் ஒப்பிட்டார்கள். முழங்கை மீதான முறுக்கு சிறுவர்களுக்கு சராசரியாக 28 நியூட்டன் மீட்டர், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 48, தொழில்முறை வீரர்களுக்கு 64.

சிம்பிளாகச் சொன்னால், ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் படுக்கைவாட்டில் பிடித்து, நுனியில் ஆறரை கிலோ எடையைத் தொங்கவிட்டால் பிடித்திருக்கும் இடத்தில் விழும் முறுக்குதான் 64 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு பந்துக்கும் இது ஒரு தடவை விழும். இறந்தவர்களின் உடலில் செய்த சோதனையில் இந்தத் தசைநார் தனியாக 32 நியூட்டன் மீட்டர் அளவிலேயே கிழிந்தது. சுற்றியிருக்கும் தசைகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால்தான் பிட்சரின் கை தாங்குகிறது. தசை களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. சிறுவரிலிருந்து தொழில்முறை வீரர் வரை போகும்போது பந்தின் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருந்தது. முறுக்கோ இரண்டு மடங்கைத் தாண்டியது. பெரியவர்களின் உடல் எடையும் கை நீளமும் இதில் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும், கூடுதல் வேகம் சும்மா வருவதில்லை என்பது தெளிவு.

சிறுவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முழங்கை எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு பொதுவாக 15-17 வயதுவாக்கில்தான் எலும்போடு முழுவதும் இணைகிறது. அதற்கு முன்னால் அது குருத்தெலும்பு. பெரியவருக்குத் தசைநார் கிழியும் இடத்தில், சிறுவனுக்கு அந்தத் தட்டே இழுபட்டு விலகும். இதற்கு ‘லிட்டில் லீக் எல்போ’ என்றே டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு போகும், பேஸ்பால் பிட்சருக்கு முழங்கை போகும். எறியும் முறை வேறு என்பதால் உடையும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

நம்பர் ஏறியது, கூடவே அறுவை சிகிச்சையும்

1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு, டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக இந்தத் தசைநாரைப் புதிதாகப் பொருத்தினார். அந்த அறுவை சிகிச்சைக்கு இன்றுவரை ‘டாமி ஜான் சர்ஜரி’ என்றுதான் பெயர். அவர் 1976-ல் களத்துக்குத் திரும்பி, 1989 வரை ஆடினார்.

அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 200-க்கும் மேற்பட்ட நிபுணர்களிடம் பேசித் தயாரித்த அறிக்கை அது. 2008-ல் மணிக்கு சராசரியாக 146.9 கி.மீ. ஆக இருந்த வேகப் பந்து, 2024-ல் 151.6 கி.மீ. ஆகிவிட்டது. மேஜர், மைனர் லீக்குகளில் சேர்த்து இந்தத் தசைநார் அறுவை சிகிச்சைகள் 2010-ல் 104, 2020-ல் உச்சமாக 314, 2024-ல் 281.

பள்ளி மாணவர்கள் பற்றிய தகவல்தான் இன்னும் யோசிக்க வைக்கிறது. ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்ற நிறுவனம் நடத்தும் தேசியத் திறன் முகாமில், 152 கி.மீ.-க்கு மேல் எறிந்த மாணவர்கள் 2018-ல் 5 பேர். 2024-ல் 36 பேர்.

முகாமில் என்ன நடக்கும்? அணிகளின் தேர்வாளர்கள் வரிசையாக உட்கார்ந்து ரேடார் கன்னை நீட்டுவார்கள். பையன் சில பந்துகள்தான் எறிவான். அந்தச் சில பந்தில் எவ்வளவு பெரிய நம்பர் வருகிறதோ, அதுதான் அவனுடைய விசிட்டிங் கார்டு. கல்லூரி உதவித்தொகையும் ஒப்பந்தமும் அதைப் பார்த்து வரும். 17 வயதுப் பையன் வேறு என்ன செய்வான்? உடம்பில் இருப்பதையெல்லாம் ஒவ்வொரு பந்திலும் கொட்டுவான்.

எந்த நாட்டில் என்ன கணக்கு?

அமெரிக்கா: லிட்டில் லீக் 2007-ல் பந்துகளை எண்ணத் தொடங்கியது. 2014-ல் மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்ற வழிகாட்டுதலைக் கொண்டுவந்தன. ஒரு நாளைக்கு 9-10 வயதில் 75 பந்து, 11-12 வயதில் 85, 13-16 வயதில் 95, 17-18 வயதில் 105. எவ்வளவு எறிந்தானோ அதற்கேற்ப ஓய்வு. 13 வயதுப் பையன் 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால், அடுத்த 4 நாள் பந்து வீசக்கூடாது. ஆண்டில் 4 மாதம் எறிதலுக்கே லீவு. பேப்பரில் பக்காவாக இருக்கும் இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்றால், பள்ளி அணிக்கு ஒரு ஸ்கோர் புத்தகம், கிளப் அணிக்கு இன்னொன்று. இரண்டு அணியிலும் ஆடும் பையனின் மொத்தப் பந்துகளை ஒரே இடத்தில் கூட்டிப் பார்க்க ஆளில்லை.

ஜப்பான்: கோஷியன் என்ற பெயரைக் கேட்டாலே ஜப்பானியர்களுக்குச் சிலிர்க்கும். 1915-ல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிகளின் கோடைத் தொடர் அது. அங்கே நம்பர் ஒன் பிட்சர் கடைசிவரை எறிவதுதான் வீரம். 1998-ல் டைசுகே மட்சுசாகா 17 இன்னிங்ஸ் நீண்ட காலிறுதியில் 250 பந்து எறிந்தார். 2013 வசந்தகாலத் தொடரில் 16 வயது பிட்சர் ஒருவர் 772 பந்து எறிய, அமெரிக்க ஊடகங்கள் அதிர்ந்துபோயின. 2018 கோடைத் தொடரில் ஒரே பிட்சர் 881 பந்து.

திருப்பம் 2019-ல் வந்தது. இவாத்தே மாநிலத்தின் ஓஃபுனாத்தோ பள்ளி மாணவர் ரோக்கி சசாகி அந்த ஏப்ரலில் 163 கி.மீ. வேகத்தைத் தொட்டிருந்தார். ஜூலையில் மாநிலத் தொடரின் ஒரே ஆட்டத்தில் 12 இன்னிங்ஸ், 194 பந்து. அரையிறுதியில் 129 பந்து. மறுநாளே இறுதிப் போட்டி. ஜெயித்தால் 35 ஆண்டுக்குப் பிறகு பள்ளிக்கு கோஷியன் வாய்ப்பு. கோச் அவரைக் களத்தில் இறக்கவில்லை. அணி 12-2 என்று தோற்றது. பள்ளிக்குக் கண்டன அழைப்புகள் குவிந்தன, நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. அடுத்த ஆண்டே, ஒரு வாரத்துக்கு 500 பந்துதான் என்ற வரம்பு வந்தது.

அந்த 500 போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பிட்ச் ஸ்மார்ட்படி 17 வயதுப் பையன் முதல் நாள் 105 எறிந்தால், நான்கு நாள் ஓய்வுக்குப் பிறகு ஆறாம் நாள் இன்னொரு 105. வாரத்துக்கு 210. ஜப்பானின் வரம்பு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

தென் கொரியா: 2018 முதல் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் ஒரு நாளைக்கு 105 பந்து என்பது விதி.

டொமினிகன் குடியரசு: 2025 சீசன் தொடக்கத்தில் மேஜர் லீக் அணிகளில் 100 வீரர்களை வைத்திருந்த குட்டி நாடு. 30 அணிகளுக்கும் அங்கே அகாடமி உண்டு. பையன்கள் 16 வயதில் ஒப்பந்தம் போடலாம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தனியார் பயிற்சியாளர்கள் சிறுவர்களைத் தேடிப் பிடித்துத் தயார் செய்கிறார்கள். பையனுக்குக் கிடைக்கும் போனஸில் அவர்களுக்கும் ஒரு பங்கு. அமெரிக்கா, ஜப்பான் போல வலுவான பள்ளிப் போட்டி அமைப்பு அங்கே இல்லை. அதனால், ஆட்டத்தில் விழும் பந்துகளை எண்ணும் விதி அங்கே பெரிதாக எதையும் பிடிக்காது. பந்துகள் பயிற்சியில்தான் பறக்கின்றன. ஒரு குடும்பத்தின் வறுமையே அந்த ரேடார் நம்பரில் தொங்கும்போது, ‘இன்றைக்கு வலிக்கிறது’ என்று எந்தப் பையன் வாயைத் திறப்பான்?

பந்தை எண்ணினால் மட்டும் போதுமா?

எண்ணுவது பயனுள்ளதுதான். 481 சிறுவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குப் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு 3.5 மடங்காக இருந்தது. 2006-ல் வந்த இன்னோர் ஆய்வு, கை களைத்த பிறகும் அடிக்கடி எறிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு என்றது. களைப்புதான் முதல் எதிரி.

‘சின்ன வயதில் கர்வ்பால் எறிவதால்தான் கை போகிறது’ என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். ஆய்வக அளவீடுகள் இதை ஆதரிக்கவில்லை. சிறுவர்களின் முழங்கையில் கர்வ்பாலைவிட நேர் வேகப் பந்துதான் அதிக முறுக்கைப் போடுகிறது.

எண்ணிக்கையில் வராத விஷயங்கள் இதைவிட அதிகம். ஆட்டத்துக்கு முன்பு வார்ம்-அப்பில் எறிந்தவை, பயிற்சியில் எறிந்தவை, வேறு இடத்தில் ஃபீல்டிங் செய்தபோது எறிந்தவை. இவை எதுவும் ஸ்கோர் புத்தகத்தில் ஏறாது. நிதானமாக எறிந்த பந்தும் முழு மூச்சோடு எறிந்த பந்தும் அங்கே ஒரே ‘1’ தான்.

வேறு எதை அளக்கலாம்?

ஜப்பானே ஒரு வழி காட்டுகிறது. டோக்குஷிமா மாநிலத்தில் டாக்டர்கள் 1981 முதல் சிறுவர் பேஸ்பால் வீரர்களின் முழங்கையைப் பரிசோதிக்கிறார்கள். இப்போது கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவியை மைதானத்துக்கே கொண்டுபோய் பார்க்க முடிகிறது. வலி தெரியும் முன்பே எலும்பில் வரும் பாதிப்பைக் கண்டுபிடித்தால், பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும்.

காசே ஆகாத அளவீடும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பையனின் உயரத்தைக் குறித்து வைப்பது. உயரம் சட்டென்று ஏறும் காலத்தில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். அந்த மாதங்களில் எறிதலைக் குறைக்கலாம். அதோடு, எந்த அணிக்கு ஆடினாலும் பந்துகள் பையனின் பெயரிலேயே சேரும் ஒரே கணக்கு வேண்டும். தேர்வாளர்கள் ரேடார் கன்னைத் தூக்காத சில மாதங்களும் வேண்டும். இது எதற்கும் ராக்கெட் தொழில்நுட்பம் தேவையில்லை.

வேகமே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. வேகமான பந்தை அடிப்பது கஷ்டம், அதனால்தான் அணிகள் பணம் கொட்டுகின்றன. ஓய்வு கொடுத்தாலே கை காப்பாற்றப்படும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அன்று உட்கார வைக்கப்பட்ட சசாகி, 2022-ல் 20 வயதில் ஒரு பேட்டரைக்கூட பேஸ் ஏறவிடாத ‘பெர்ஃபெக்ட் கேம்’ ஆடினார். 2025-ல் டாட்ஜர்ஸ் அணிக்குப் போன முதல் ஆண்டிலேயே தோள் பிரச்சினையால் பல மாதம் வெளியே இருந்தார். ஓய்வு கொடுத்தால் ஆபத்து குறையும். ஆனால், பூஜ்யம் ஆகாது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 2008-ல் இந்தியாவுக்கு ரேடார் கன்னோடு வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ போட்டி, பேஸ்பாலே தெரியாத இளைஞர்களை எறியச் சொல்லி வேகத்தை அளந்தது. அதில் தேர்வான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிபவர்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-ல் இந்தக் கதை ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹாலிவுட் படமாகவும் வந்தது. இருவருமே மேஜர் லீக் வரை போகவில்லை. ரிங்குவின் பேஸ்பால் பயணம் காயங்களோடு முடிந்து, அவர் மல்யுத்தப் பொழுதுபோக்கு உலகத்துக்குப் போய்விட்டார். ஒரு நம்பர் ஒருவரைக் கண்டுபிடிக்கும். அவரை உருவாக்க அது போதாது.

கிரிக்கெட்டிலும் அதே ஆசை நம்மிடம் இருக்கிறது. 2024 ஐபிஎல்லில் மயங்க் யாதவ் 156.7 கி.மீ. தொட்டபோது கொண்டாடினோம். சில நாட்களிலேயே அவர் காயத்தால் வெளியேறினார். இன்று அகாடமிகளில் சேரும் பிள்ளைகளின் வேகத்தை மொபைல் ஆப்பிலேயே அளந்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட முடிகிறது.

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ பந்து வீசப் போகிறார்கள் என்றால், கோச்சிடம் ‘எவ்வளவு ஸ்பீடு?’ என்று கேட்பதற்கு முன்பு நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த வாரம் பயிற்சியையும் சேர்த்து மொத்தம் எத்தனை பந்து? கடைசியாக எப்போது முழு ஓய்வு? மூன்று மாதத்தில் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது? வலி இருந்ததா, அதை யாரிடமாவது சொன்னார்களா? கோச்சிடம் பதில் இருந்தால் நல்ல இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள். இல்லையென்றால், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நீங்களே எழுதத் தொடங்கலாம்.